அருவிக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்பினால்கூட ஒரு வார்த்தை பதில் சொல்லாதவர்கள் எல்லாம் போன் போட்டு, நலம் விசாரித்து முடிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள்: "குத்தாலத்துல தண்ணி விழுதா?" விழுகிறது என்று சொன்னால் அந்த சனிக்கிழமை வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். இல்லை என்று சொன்னால், "சரி, எப்ப விழும்?" என்பார்கள். அதற்குத்தான் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வராது. கேரளாவில் மழை தொடங்கிவிட்டதாகச் செய்தி வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். காற்று குளிரும், சாரல் அடிக்கும். ஆனால் சாரல் வேறு, அருவி வேறு. தெருவில் நடந்தால் சட்டை நனைகிற அளவுக்குச் சாரல் இருக்கும், அருவிப் பாறை காய்ந்து கிடக்கும். இன்னொரு நாள் ஊரில் வெயில் கொளுத்தும், மெயின் அருவியில் குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டியிருக்கும். இங்கேயே கிடக்கிற எங்களுக்கே பிடிபடாத கணக்கு இது.

அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வந்த அந்த ஜூலையில் சீசன் படுமோசம். முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தேன். அத்தான் கேட்கவில்லை. லீவு போட்டாயிற்று, வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்ய? மெயின் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாறை முழுக்க அகலமாகக் கொட்ட வேண்டிய இடத்தில், ஓரமாக ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நன்றாக விழும் நாட்களில் கண்ணிலேயே படாத, பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் எல்லாம் உலர்ந்துபோய் வெளியே தெரிந்தன. அந்தக் கையகலத் தண்ணீருக்கு நீளமாக வரிசை. மசாஜ் முடித்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை எண்ணெயோடு வந்த ஒரு பெரியவர், முறை எப்போது வரும் என்று தெரியாமல் வெயிலில் மினுமினுத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் இறங்கிய எண்ணெய் கண்ணில் இறங்காமல் புறங்கையால் வழித்து வழித்து விட்டுக்கொண்டிருந்தார். துண்டு தோளில் காய்ந்தபடியே கிடந்தது.

"ஏ மாப்ள, இதுக்கா அறுநூறு கிலோமீட்டர் வந்தோம்?" என்றார் அத்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை; அவளுக்குப் பிறந்த ஊர் ஆயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா. ஏழாம் வகுப்பு படிக்கிற அவர்கள் பையன், பாறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன், என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்: "மாமா, மேல யாரு தொறந்து விடுவாங்க?"

எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரும் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் தப்பு ஏதும் கிடையாது. அவனுக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாமே யாரோ திறந்து விட்ட தண்ணீர்தான். அடுக்குமாடியில் காலையில் வாட்ச்மேன் மோட்டார் போட்டால் வருவது, லாரிக்காரர் வால்வைத் திருகினால் வருவது. டிவியில் ஜூன் 12 என்றால் மேட்டூர் அணையில் மதகைத் திறந்து பூத்தூவுகிறார்கள். இத்தனை பெரிய பாறைக்கு மேலே மட்டும் ஆளே இருக்கமாட்டார் என்று அவன் ஏன் நினைக்க வேண்டும்?

ஆறு மணிக்கு நிற்கிற அருவி

திரும்பும்போது ஆட்டோக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "கவலைய விடுங்க சார், ஒரு எடம் இருக்கு. தண்ணி கியாரண்டி" என்றார். கூட்டம் கிடையாது, போலீஸ் கிடையாது, பொம்பளப் பிள்ளைகளுக்கு உடை மாற்ற நல்ல அறை உண்டு. சொன்னதெல்லாம் உண்மைதான். மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளைத் தாண்டி உள்ளே போகிற ஒரு மண்பாதையின் முடிவில் அந்த ரிசார்ட் இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால், அருவி! இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இருந்து, ஒரு சுவர் நீளத்துக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சட்டையைக் கழற்றியதைப் பார்த்தவர்கள் அவருக்கு ஐம்பது வயது என்றால் நம்பமாட்டார்கள்.

நானும் நின்றேன். குறை சொல்லக் கூடாது, குளிர்ந்த தண்ணீர்தான். ஆனால் நின்ற கொஞ்ச நேரத்திலேயே என்னவோ உறுத்தியது. எங்கே நகர்ந்து நின்றாலும் ஒரே அடி. மெயின் அருவியில் அப்படி இருக்காது. தோளில் ஒன்று விழும், அடுத்தது பிடரியில் விழும், நடுவில் ஒரு மூச்சு விடுவதற்கு இடம் கொடுக்கும், நாம் நிமிர்ந்த நேரம் பார்த்து மொத்தமாக இறங்கும். இங்கே அந்தக் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. பாறை என்று பூசியிருந்ததன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். காவி வண்ணம் பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மேலே பெரணிச் செடித் தொட்டிகளுக்கு நடுவில், வரிசையாகத் துளை போட்ட ஒரு பிவிசி குழாய். பாசி மட்டும் உண்மையானது. அது எங்கே ஈரம் கண்டாலும் குடியேறிவிடும்.

ஆறு மணிக்கு அந்த ஆள் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. "முடிச்சுக்கிடுங்க சார், நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, செடிகளுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போனார். ஒரு 'டக்' சத்தம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொட்டுகிற தண்ணீரின் வலது ஓரம் மெலிந்தது. திரை கிழிந்து இழை இழையாகப் பிரிந்தது. இடது ஓரம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, அப்புறம் அதுவும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிந்தது. சத்தம் அடங்கினபோதுதான் அதுவரை எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. அத்தான் பாதித் தலையில் ஷாம்பு நுரையோடு சுவரைப் பார்த்து நின்றார். துளைகளிலிருந்து சொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பையன் அந்த ஆள் பின்னாலேயே ஓடிப்போய்ச் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் வெளிச்சம். "மாமா, இங்க ஆள் இருக்காரு!"

அந்த ஆளிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தேன். நல்ல மனிதர். மேலே ஒரு ஓடை வருகிறதாம், அதிலிருந்து குழாய் போட்டிருக்கிறதாம். ஓடையில் தண்ணீர் நன்றாக வந்தால் மோட்டாரே தேவையில்லை. வற்றிவிட்டால் போர் தண்ணீர். "ஓடை தண்ணி முன்னால எங்க போச்சு அண்ணாச்சி?" என்றேன். "கீழ கொளத்துக்குத்தான் போகும்" என்றார், அதில் மறைக்க ஒன்றும் இல்லை என்பதுபோல. அவர் வேலை ஆறு மணிக்கு நிறுத்துவது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வண்டியில் வரும்போது அத்தான் கட்சி இதுதான்: தண்ணீர் உடம்பில் விழுந்ததா, விழுந்தது. குளிர்ந்ததா, குளிர்ந்தது. பிறகு அது மலையிலிருந்து வந்தால் என்ன, மோட்டாரிலிருந்து வந்தால் என்ன? "ஒனக்கு ஊர்ப் பாசம் மாப்ள, வேற ஒண்ணும் இல்ல." அன்றைக்கு நான் பேசாமல் வந்தேன். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அது பல நாள் அரித்துக்கொண்டே இருந்தது.

சட்டப்படி காரணம் சொல்வது சுலபம். இயற்கையாக ஓடுகிற நீரை வளைத்துச் செயற்கை அருவி கட்டிக் காசு பார்ப்பது பற்றி வழக்கு போய், 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிப்பட்ட ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சரியான காரியம். குளத்துக்குப் போகிற தண்ணீரை மறித்துவிட்டுச் சுவரில் கொட்டுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அத்தானுக்கு அது பதில் ஆகாது. "சரி, வெறும் போர் தண்ணியே விடட்டும், அப்ப ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்பார். சம்மதமில்லை. ஏன்?

பெரிய சாவிகள்

யோசிக்க யோசிக்க, பையன் கேட்ட கேள்வி நாங்கள் சிரித்த அளவுக்குச் சின்னக் கேள்வியாக இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையில் நாம் போய்ப் பார்த்து வாயைப் பிளக்கிற அருவிகளில் பலவற்றின் உச்சிக்கு மேலே உண்மையிலேயே ஆள் இருக்கிறார். காக்கி அரைக்கால் சட்டைக்குப் பதில் மின்வாரிய அடையாள அட்டை மாட்டியிருப்பார், அவ்வளவுதான்.

கர்நாடகத்து ஜோக் அருவியை எடுத்துக்கொள்ளலாம். ஷராவதி ஆறு 253 மீட்டர் கீழே விழுகிற இடம். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நாலு தாரைகள். காலண்டர் படங்களில் நாலும் வெள்ளை வெளேரென்று இறங்கும். நேரில் போகிறவர்கள், மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில், பெரும்பாலும் பார்ப்பது கரும்பாறையையும் அதில் நரம்போடுகிற கொஞ்சம் தண்ணீரையும்தான். ஆற்றின் மேலே 1964இல் கட்டிய லிங்கனமக்கி அணை இருக்கிறது. விழுந்து வீணாகப் போக வேண்டிய உயரம் முழுவதும் குழாய்க்குள் இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. அணை நிரம்பி வழிகிற வருஷம் ஜோக்கிற்கு நல்ல வருஷம். இல்லையென்றால் இல்லை. நம் ஒகேனக்கல் மட்டும் என்ன? கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் எவ்வளவு திறந்தன, மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி அளந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அன்றைக்குப் பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்க விடுவார்களா என்பது முடிவாகிறது. அருவிக்குப் போவதற்கு முன்னால் இரண்டு மாநில நீர்ப்பாசன நிலவரத்தைப் படித்துவிட்டுப் போகிற ஊர் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அதிரப்பள்ளிதான் எனக்கு இதில் ரொம்பவும் சுவாரசியமான விஷயம். சாலக்குடி ஆற்றில் சுமார் 80 அடி உயரம். காட்டுக்கு நடுவில், யாருமே தொடாத மாதிரி நின்று விழும். மேலே பொரிங்கல்குத்து அணை இருக்கிறது, அதற்கும் மேலே சோலையாறு. சாயங்காலம் கேரளத்து வீடுகளில் விளக்கும் மிக்சியும் ஓடுகிற நேரத்தில் மின்நிலையம் கூடுதலாக ஓடும், ஆற்றில் தண்ணீர் ஏறும். தேவை குறைந்தால் தண்ணீரும் குறையும். அதாவது அருவியின் கனம் மழைக் கணக்கில் பாதி, கரண்ட் கணக்கில் பாதி. நமக்கும் இதில் பங்கு உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் அந்த ஆற்றுப்படுகையின் தண்ணீரில் ஒரு பகுதியை மலைக்கு இந்தப் பக்கம் திருப்புகிறது. 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம். பொள்ளாச்சி இளநீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு அதிரப்பள்ளியில் "என்ன, தண்ணி கம்மியா இருக்கு" என்று அலுத்துக்கொள்கிற தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே அருவிக்கு மேலே 163 மெகாவாட்டுக்கு இன்னொரு திட்டம் போட்டார்கள். வாழச்சால் காட்டில் வாழும் காடர் பழங்குடியினர் எதிர்த்தார்கள், ஆற்றைக் காக்கிறவர்கள் எதிர்த்தார்கள். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத்தொடர்ச்சி மலைக் குழு 2011இல் கொடுத்த அறிக்கையில் அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. அந்த வாதப் பிரதிவாதத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது திட்டத்தின் பக்கம் இருந்தவர்கள் சொன்ன ஒரு சமாதானம்தான்: அருவி வற்றிவிடாது, அருவிக்கென்று தனியாகத் தண்ணீர் விடுவோம். அதைப் படித்தபோது எனக்குச் செடித்தொட்டிகளுக்குப் பின்னால் கேட்ட அந்த 'டக்' சத்தம்தான் ஞாபகம் வந்தது. பாறை உண்மை, காடு உண்மை, தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர்தான். ஆனாலும் சுற்றுலாப் பயணிகள் வருகிற நேரத்துக்குப் பார்த்து விடப்படும் தண்ணீர். அந்த ரிசார்ட்டில் சிமெண்டுக்குப் பதில் நல்ல பாறை இருந்திருந்தால் என் உறுத்தல் போயிருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். போயிருக்காது. என்னை உறுத்தியது சிமெண்ட் இல்லை, அந்த ஆறு மணிதான்.

நான் எல்லா அணைக்கும் எதிரி கிடையாது. பாபநாசம் அகஸ்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் விழுவது மேலே அணைகள் இருப்பதால்தான். சித்திரை வெயிலில் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் அங்கே போய் நின்றுவிட்டு வருவதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? நானும் போகிறவன்தான். அதே அணைத் தண்ணீர்தான் தாமிரபரணியாக வந்து எங்கள் பக்கத்து வயலுக்கும் குழாய்க்கும் போகிறது. ஆனால் அகஸ்தியர் அருவிக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் யாரும் "தண்ணி எப்படி இருந்தது?" என்று கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்பது குற்றாலத்தைப் பற்றி மட்டும்தான்.

சாவி இல்லாத இடம்

குற்றாலத்தில் மெயின் அருவிக்கு மேலே அணை கிடையாது. சிற்றாறு திரிகூடமலையின் காட்டுக்குள்ளிருந்து புறப்பட்டு, தேனருவியாக விழுந்து, செண்பகாதேவியாக விழுந்து, அப்புறம் நமக்கு எதிரே வந்து விழுகிறது. கீழே கால்வாய்களும் குளங்களும் உண்டு. கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேலே இருப்பது காடு மட்டும். வனத்துறை இப்போது தேனருவிக்கு விடுவதில்லை. செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி மாதிரி நாட்களில் போய் வருகிறார்கள். மற்றபடி அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது.

தண்ணீர் நேராக உச்சியிலிருந்து தலையில் விழுந்தால் ஒருத்தரும் நிற்க முடியாது. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம். அருவி முதலில் அதற்குள் விழுந்து, வேகத்தை அங்கே தொலைத்துவிட்டு, நிறைந்து வழிந்து இரண்டாவது தடவையாக நம் மேல் விழுகிறது. இந்த ஒரு பள்ளம் இல்லாவிட்டால் குற்றாலமும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுச் செல்பி எடுத்துக்கொண்டு போகிற இடமாகியிருக்கும். என்னைக் கேட்டால் அருவி என்றால் அடியில் போய் நிற்க வேண்டும். பார்வை மேடையில் நின்று பார்க்கிறது பாதி அருவிதான். ஆனால் அந்தப் பள்ளம் வேகத்தைத்தான் குறைக்கும், தண்ணீரைச் சேர்த்து வைக்காது. மலையில் பெய்ததைக் கொஞ்ச நேரத்தில் அப்படியே கீழே அனுப்பிவிடும். மழைநீரைப் பிடிக்கிற பரப்பு சின்னது, சரிவு செங்குத்து. அதனால்தான் காலையில் கொட்டுவது மத்தியானம் மெலிகிறது, மத்தியானம் மெலிந்தது ராத்திரி மிரட்டுகிறது.

அப்படியானால் மழையில்லாத நாட்களிலும் சீசனில் விட்டுவிட்டு விழுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதுதான் காடு. சோலைக்குள் ஒரு முழத்துக்குச் சருகும் வேரும் மட்கும் கிடக்கும். பெய்ததில் ஒரு பங்கைக் குடித்து வைத்துக்கொண்டு, மேகம் கலைந்த பிறகும் பல நாள் கசியவிடும். பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மட்கு, கசிவு என்று ஆரம்பித்தால் அவன் அம்மா போனை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

அத்தான் குடும்பம் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மலையில் இடி கேட்டது. விடியக் கருக்கலிலேயே ஐந்தருவிக்கு ஓடினோம். பாதையில் இறங்கும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஐந்து கிளையிலும் தண்ணீர். அத்தான் ஒரு பத்து நிமிஷம் நின்றிருப்பார். கத்தினார், சிரித்தார், முகத்தைத் துடைக்கவும் நேரமில்லாமல் திணறினார். நுரையின் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறியது. முதலில் இரண்டு மூன்று இலை, அப்புறம் ஒரு குச்சி. போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டார். "எல்லாரும் வெளிய! வெளிய வாங்க!" அத்தான் கெஞ்சிப் பார்த்தார், சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்றார். "எங்கிருந்து வந்தாலும் தண்ணிக்குத் தெரியாது சார்" என்றார் அவர். காரில் ஏறும்போது அத்தான் ரிசார்ட்டைப் பற்றிப் பேசவில்லை. நானும் கிளறவில்லை.

விசில்

இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சாவி இல்லாத தண்ணீர் என்று கொண்டாடுவது சுலபம், சாவி இல்லாததால் உயிர் போவதும் உண்டு. 2024 மே 17. சீசன் தொடங்கவே இல்லை, கோடை மழை. பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் இறங்கியது. பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். படிகளில் தண்ணீர் ஏறுவதும் ஜனங்கள் சிதறி ஓடுவதும் வீடியோவாக எல்லோர் போனிலும் வந்தது. அந்தப் படிகளில் உட்கார்ந்து தலை துவட்டியிருக்கிற யாருக்கும் அதை இரண்டாவது தடவை பார்க்க மனம் வராது. மேலே ஆள் இருந்திருந்தால் ஒரு போனாவது போட்டிருப்பான் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

அதனால் "பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவதால் குளிக்கத் தடை" என்று பேப்பரில் வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற அந்த வளைவை வெளியூர்க்காரர்கள் கவனிக்கவே மாட்டார்கள். எங்களுக்கு அதுதான் அளவுகோல். தண்ணீர் வளைவுக்கு உள்ளே விழுகிற வரை அது நம்மோடு விளையாடுகிறது என்று அர்த்தம். நிறம் மாறினாலோ, இலை தழை வந்தாலோ, சத்தத்தில் ஒரு அடித்தொண்டை இரைச்சல் சேர்ந்தாலோ விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம், கிளம்பிவிட வேண்டும். எனக்கு இருக்கும் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். தடை போடுகிற அன்றைக்கு, மலையில் எவ்வளவு பெய்தது, எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டால் பாதிச் சண்டை குறையும். பூட்டிய கதவு மாதிரி கயிற்றை மட்டும் கட்டிவைத்தால், மேலே எவனோ சாவி வைத்திருக்கிறான் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். பிறகு பின்பக்கம் வழி தேடுகிறார்கள். (எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டும் பாறை இடுக்கெல்லாம் ஷாம்புக் கவர் கிடக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு தினுசாகப் போய்விடும்.)

அணை கட்டினால் என்ன

இந்த வருஷம் சீசன் முடிகிற நேரத்தில், வழக்கமாக நான் நெல்லிக்காயும் மங்குஸ்தானும் வாங்குகிற அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்லுதது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல காட்டுக்குள்ள ஒரு சின்ன தடுப்பணை கட்டிட்டா வருசம் பூரா சீசன்லா? மூணு மாசம் வித்து பன்னெண்டு மாசம் திங்கணும் நாங்க. அதுல ஒரு மாசம் தண்ணி இல்லன்னா வட்டிக்கு வாங்கணும். ஒங்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துரும்."

இதுதான் நான் அத்தானிடம் கூடக் கேட்காத வாதம். அத்தானுக்குப் பொழுதுபோக்கு, அண்ணாச்சிக்கு வயிறு. காட்டில் அணை கட்டினால் கசிவு கெடும், சிற்றாற்றுக் குளங்களுக்கு வருகிற கணக்கு கெடும், முதல் வருஷம் கூட்டம் வரும், அப்புறம் அகஸ்தியர் அருவி மாதிரி யாரும் போன் போட்டு விசாரிக்காத இடமாகிவிடும் என்று வரிசையாகச் சொன்னேன். சீசன் மூணு மாசம்தான் என்பதால்தான் ஜனம் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறது அண்ணாச்சி, வருஷம் பூரா விழுந்தால் அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள் என்றேன். அவர் துரியன் பழத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே "இருக்கும், இருக்கும்" என்றார். நம்பினதாகத் தெரியவில்லை.

வேறு வழியும் சொன்னேன். இங்கே சீசன் கடைகளை ஏலம் எடுக்கிறவர்கள், தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒரே தொகை கட்டுகிறார்கள். மழை பொய்த்த நாட்களின் நட்டம் முழுவதும் கடைக்காரன் தலையில். அருவியில் எத்தனை நாள் குளிக்க அனுமதி இருந்தது என்பதற்குத்தான் கணக்கு இருக்கிறதே, அதை வைத்து ஏலத் தொகையில் கழிவு கொடுத்தால் என்ன? தண்ணீர் வராத நாளுக்குப் பணம் கிடையாது. அணைக்கு ஆகிற செலவில் நூறில் ஒரு பங்கு ஆகாது. காடும் அப்படியே இருக்கும், உங்கள் வட்டியும் குறையும்.

அண்ணாச்சி முதல் தடவையாகத் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏலத் தொகையக் கொறைக்கவா? அதுக்கு அணையே கட்டிரலாம் சார்."